நர்ஸ் அக்கா பதில்கள்: ‘ஏஜஸ்’ என்றால் எவ்வளவு நேரம்?

கேள்வி: அக்கா, வேலூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் கொல்கத்தாக்காரர்களிடம் ஆங்கிலம் பேசிப் பழக்கம் உண்டு. ஆனால் வெள்ளைக்காரர்கள் ‘எ வைல்’, ‘ஏஜஸ்’ என்றால் எவ்வளவு நேரம் என்று எடுத்துக்கொள்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி! முதலில் கடிகாரம். அதில் குழம்பினால் ஷிஃப்டே தவறிவிடும். அங்கே ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை, ஆறரை இல்லை. நடுவில் வரவேண்டிய ‘பாஸ்ட்’டை விழுங்கிவிடுவார்கள். நோட்ஸில் மட்டும் 19:30 என்று 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும். ‘ஃபோர்ட்நைட்’ என்றால் இரண்டு வாரம்.

‘எ வைல்’ பத்து நிமிஷமாகவும் இருக்கும், பத்து மாதமாகவும் இருக்கும். ‘குவைட் எ வைல்’ என்றால் கொஞ்சநஞ்சமில்லை, ரொம்ப நேரம். ‘ஏஜஸ்’ என்றால் ஆள் அலுத்துப்போயிருக்கிறார். பெல் அடித்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். கணக்குப் பேசாதே, ‘சாரி’ சொல்லிவிட்டு வேலையைப் பார்.

நீ பயப்பட வேண்டியது இதற்கில்லை, குறைத்துச் சொல்கிறவர்களுக்குத்தான். அங்கே என் வார்டில் ஒரு பெரியவர். காலையில் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டேன். ‘நாட் த பெஸ்ட் ஆஃப் நைட்ஸ்’, அதாவது ராத்திரி அவ்வளவு நன்றாக இல்லை என்று சிரித்தார். பக்கத்தில் டீ ஆறிக் கிடந்தது, கை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தது. துருவிக் கேட்டதும்தான், ராத்திரி இரண்டு மணியிலிருந்து நெஞ்சை அழுத்துகிறது என்றார். உடனே டாக்டரைக் கூப்பிட்டு ஈசிஜி எடுத்தோம். நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த ஊர் வயசானவர்கள் அடக்கியே வாசிப்பார்கள். ‘எ பிட் ஆஃப் எ ரஃப் நைட்’ என்று யாராவது சொன்னால் அந்த ‘பிட்’டை, அதாவது ‘கொஞ்சம்’ என்பதை நம்பாதே. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்று கேட்டு, மணியோடு எழுதிவை.

அப்புறம், அக்டோபர் கடைசி ஞாயிறு விடியும் ராத்திரி உனக்கு நைட் டியூட்டி விழலாம். அன்றைக்குக் கோடைகால நேரம் முடிவதால், இரண்டு மணி அடித்ததும் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பிவிடுவார்கள். ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். மாத்திரை கொடுத்தது எந்த ஒன்றரைக்கு என்று மறக்காமல் குறித்துவிடு.