கேளுங்கள் சொல்கிறேன்: 6 நொடி எரிபொருள்

கேள்வி: ககன்யானில் ஆபத்து வந்தால் வீரர்களை இழுத்துக்கொண்டு போகும் மோட்டாரில் திட எரிபொருளாமே? பற்றிவிட்டால் அணைக்க முடியாது என்கிறார்கள். அமெரிக்காவின் டிராகன் விண்கலத்தைப் போல் திரவ எரிபொருள் வைத்தால் என்ன?
– கல்லூரி மாணவி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: அணைக்க முடியாது என்பது உண்மைதான் அம்மா. ஆனால் அடியில் ராக்கெட் வெடிக்கப் போகும்போது அதை யார் அணைக்கப் போகிறார்கள்? உடனே பற்ற வேண்டும், முழுசாக எரிந்து தீர வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

28 வருஷம் திட எரிபொருளோடு இருந்துவிட்டு இப்போது அல்சூரில் ஓய்வில் இருக்கிறேன். அம்மோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியப் பொடியையும் ரப்பர் பிசினில் கலந்தால் அல்வா பதத்துக்கு வரும். அதை மோட்டார் உறைக்குள் வார்த்து, இளஞ்சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் இறுகிவிடும். இறுகிய துண்டை விரலால் அழுத்தினால் பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி அமுங்கி எழும். எரியத் தேவையான ஆக்சிஜனும் அதற்குள்ளேயே இருக்கிறது. பம்பு கிடையாது, வால்வு கிடையாது. எங்கள் பயமெல்லாம் விரிசல்தான். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறி, உறையே வெடித்துவிடும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று தேடித் தேடியே என் கண் பவர் ஏறியது.

2022 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், தாழ்ந்த உயரத்தில் தப்பிப்பதற்கான மோட்டாரை எரித்துப் பார்த்தார்கள். உந்துவிசை 842 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 86 டன். எரிந்தது 6 நொடி. வீரர்கள் இருக்கும் கலத்துக்கு மேலே இந்த மோட்டார் இருப்பதால், தீ அவர்கள்மேல் படாதபடி தீ பீறிட்டு வரும் நான்கு நாசில்களையும் (வாய்க்குழல்களையும்) பக்கவாட்டில் சரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பிடித்தது. வயர்கள் கருகிப்போனதால் ரேடியோ வழியாகத்தான் கட்டளை அனுப்ப முடிந்தது. திட மோட்டார் உடனே பற்றிக்கொண்டு, டிட்டோவ், ஸ்ட்ரெக்காலோவ் என்ற இரண்டு வீரர்களையும் தூக்கிக்கொண்டு போனது. சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. இருவரும் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள்.

சரி, டிராகனுக்கு வருவோம். அதன் இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொட்டவுடனே பற்றிக்கொள்ளும், அதனால் அதுவும் வேகம்தான். ஆனால் 2019 ஏப்ரல் 20 அன்று தரைச் சோதனையில் அந்தக் கலம் வெடித்துச் சிதறியது. அந்த இரண்டில் ஒன்றான நைட்ரஜன் டெட்ராக்சைடு கொஞ்சம் கசிந்து, திரவங்களைத் தள்ள அழுத்தம் தரும் ஹீலியம் குழாய்க்குள் போயிருந்தது. அழுத்தம் ஏற்றியதும் அது டைட்டானியம் வால்வில் மோதித் தீப்பிடித்தது. அந்த வால்வுகளுக்குப் பதில், அழுத்தம் வந்தால் மட்டும் கிழியும் தகடுகளைப் பொருத்தினார்கள். 2020 ஜனவரியில் பறக்கும்போதே தப்பிக்கும் சோதனையில் டிராகன் ஜெயித்தது. அருமையான வேலை. இருந்தாலும் என் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தால், வால்வே இல்லாத மோட்டாரைத்தான் கேட்பேன்.

கேள்வி: ஆபத்து எதுவும் வராவிட்டால் அந்த எரிபொருள் என்ன ஆகும்?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: அடர்ந்த காற்று மண்டலத்தைத் தாண்டியதும், அந்த மோட்டார் இருக்கும் கோபுரத்தோடு கழற்றிவிடுவார்கள். டிராகனில் மிச்சத் திரவம் கலத்தோடு திரும்பி வரும். 2020 ஆகஸ்டில் இரண்டு வீரர்களோடு அது கடலில் இறங்கியபோது, சுற்றிலும் நைட்ரஜன் டெட்ராக்சைடு நச்சு ஆவி இருந்ததால், அது கலையும்வரை கதவைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.