இரவில் மட்டும் தடுமாறும் வாசல் கேமரா

வணக்கம் ஐயா. நான்கு வைஃபை கேமராக்களுள் வாசல் கேமரா மட்டும், அதுவும் இரவில் மட்டும், விட்டுவிட்டு ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். புதியது வாங்க அவசரப்படாதீர்கள். முதலில், கேமராவின் மெமரி கார்டில் பதிவான இரவுக் காட்சியை நேரடியாகப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் குறை வைஃபையில் இல்லை. இருட்டியதும் இருளில் படம்பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள் கேமராவில் எரியத் தொடங்கி மின்தேவை கூடுவதால், நீளமான மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்து கேமரா திணறக்கூடும் என்பதால், அதனுடன் வந்த அடாப்டரையே குட்டையான கம்பியில் இணைத்து ஓர் இரவு கவனியுங்கள்.

கார்டில் காட்சி சீராக இருந்தால், குறை வைஃபையில் இருக்கலாம்; அக்கம்பக்கத்தார் அனைவரும் வைஃபையைப் பயன்படுத்தும் நேரம் அது என்பதை நினைவில் கொண்டு, ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சேனலை (அலைத்தடத்தை) 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். கேமராவின் அமைப்பில் நொடிக்கு 15 பிரேம் (படங்கள்) போதும்; காவலுக்கு அது தாராளம்.