நூலக மேசை: பிளொப்பிக்குள் இருந்த நூலகங்கள்

கேள்வி: அம்மா, போன வருடம் தவறிப்போன எங்கள் அப்பாவின் மேசை லாச்சியில் ஒரு பிளொப்பி கிடந்தது. மேலே பேனையால் "ஹைடெல்நெட் 96" என்று எழுதியிருக்கிறார். கூடவே பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று. ஏதோ ஒரு வெளிநாட்டு லைப்ரரியின் பெயரும், விளங்காத நாலைந்து வரிகளும் அதில் இருக்கின்றன. இது என்ன? வைத்திருக்க வேண்டியதா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வைத்திருங்கள் மகள். உங்கள் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஹைடெல்நெட், கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த பீற்றர் ஸ்கொட் 1990இல் செய்த, நூலகப் பட்டியல்களுக்கான கணினி வழிகாட்டி. வலைத்தளம் என்பதே அப்போது பொதுமக்கள் கைக்கு வரவில்லை. ஆனால் பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றி, டெல்நெட் வழியாக யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்தன. நீங்கள் இங்கே தட்டுகிற எழுத்து அங்கே இருக்கிற கணினிக்குப் போகும், அதன் பதில் உங்கள் திரையில் வரும். டெல்நெட் அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நூலகத்துக்கும் முகவரி வேறு, உள்ளே போகத் தட்டும் சொல் வேறு, தேடும் கட்டளையும் வேறு.

அந்த முகவரிகளை ஆர்ட் செயின்ட் ஜோர்ஜும் ரொன் லார்சனும் ஒரு பட்டியலாகத் திரட்டினார்கள். வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பில்லி பரன் இன்னொன்று தொகுத்தார். இரண்டும் நீண்டுகொண்டே போகும் பட்டியல்கள். ஸ்கொட் இந்தத் தகவலையெல்லாம் சின்னச் சின்னக் கோப்புகளாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டார். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் நாடு, பிறகு நூலகம், பிறகு அதன் பக்கம். இடப்பக்க அம்புக்குறி வந்த வழியே திருப்பிக் கூட்டிவரும். இப்படி ஒன்றோடு ஒன்று கோத்த எழுத்துக்கு மீயுரை என்று பெயர். அதன் ஆங்கிலச் சொல்லான ஹைபர்டெக்ஸ்டை டெட் நெல்சன் 1960களிலேயே உண்டாக்கிவிட்டார். என் போன்ற நூலகப் பணியாளர் பலருக்கு அது விரலில் பட்டது இங்கேதான்.

உங்கள் அப்பாவிடம் இருந்தது டொஸ் கணினிக்கான, அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய கணினிக்கான, பதிப்பாக இருக்க வேண்டும். அது தானாக எங்கேயும் இணைக்காது. முகவரியைக் காட்டும், இணைப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நிமிடக் கணக்கில் தொலைபேசிக்குக் காசு கட்டிய எங்களுக்கு அது பெரிய உதவி. லைன் எடுக்காமலே எல்லாவற்றையும் வாசித்து, கொப்பியில் குறித்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாகப் போகலாம்.

1996இல் கொழும்பில் ஒரு நிறுவனம் நடத்திய பயிற்சிக்குத் திருகோணமலையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். உள்ளே நுழைவது எப்படி என்று சொல்லித் தந்தார்கள், வெளியே வருவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அவுஸ்திரேலிய நூலகம் ஒன்றின் பட்டியலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டேன். எதைத் தட்டினாலும் அதே கேள்விக்குறிதான். ஒரு கணினிக்கு ஆறு பேர், எல்லோருடைய நேரமும் கரைகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஹைடெல்நெட் பக்கத்தின் அடிவரி கண்ணில் பட்டது: வெளியேற இந்தச் சொல்லைத் தட்டவும்.

உங்களிடம் இருக்கும் தாளும் அப்படி ஒரு பக்கம்தான் என்று நினைக்கிறேன். முதல் வரி முகவரி. அடுத்தது, உள்ளே போகத் தட்டும் சொல். பிறகு, அந்த நூலகம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்பது. கடைசியில் வெளியேறும் வழி. வருகிறவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே யோசித்து எழுதிய ஆள் ஸ்கொட். அந்தக் கவனம் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிகிறது. யூஎஸ்பியில் செருகும் பிளொப்பி டிரைவ் யாரிடமாவது இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் அப்பாவின் கையெழுத்து உள்ள லேபிளை உரிக்க வேண்டாம்.

கேள்வி: மிஸ், இப்ப கூகுள் இருக்கிறது, அந்தப் பழைய வழிகாட்டிகள் எதற்கு? ஆனால் ஒரு சந்தேகம். கட்டுரை ஒன்றுக்காக "மோகனாங்கி" நாவல் எந்த வெளிநாட்டு நூலகத்தில் இருக்கிறது என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. ஏன்?
– மாணவர், கிண்ணியா

பதில்: நல்ல புத்தகத்தைத்தான் தேடுகிறீர்கள், தம்பி. 1895இல் வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது. எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்ம திருகோணமலைக்காரர். சென்னையில் ஒரு சுவடி நூலகத்தில் நூலகராக இருந்தவர்.

அது அங்கே இல்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதித் தேடினீர்கள்? "மோ"வுக்குப் பிறகு எச் போட்டிருப்பீர்கள், அல்லது ஜி. மேல்நாட்டு நூலகங்கள் பல, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோடு சேர்ந்த எழுத்துப்பெயர்ப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அதில் ககரம் எங்கே வந்தாலும் கே, சகரம் சி. ஆக, தட்ட வேண்டியது எம்-ஓ-கே-ஏ-என்-ஏ-என்-கே-ஐ. ஆசிரியர் பெயர் சி-ஏ-ஆர்-ஏ-வி-ஏ-என்-ஏ என்று தொடங்கும். எஸ் போட்டால் வழி தவறிவிடும். ழகரம், றகரம், னகரத்துக்கு எழுத்தின் அடியில் கோடு போடுவார்கள். டெல்நெட் காலத்துத் திரைகளில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் வராது, நாங்கள் ஊகித்துத்தான் படித்தோம். இப்போதும் தேடும்போது கோடில்லாமல் தட்டினால் போதும். புதிய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தும் சேர்ந்திருக்கிறது, பழையவற்றில் அநேகமாக ரோமன் மட்டும்தான்.

கூகுள் பற்றிக் கேட்டீர்கள். பல நூலகங்களின் பட்டியல் அவற்றின் சொந்தத் தேடல் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, வெளியே நின்று தேடினால் முழுதும் தெரியாது. எந்தக் கதவு, என்ன எழுத்து என்று சொல்லித் தர ஓர் ஆள் இப்பவும் வேண்டும்.

கேள்வி: அந்த வழிகாட்டிகள் ஏன் நின்றுபோயின? நம்ம ஊர் நூல்களுக்கு இப்போது எங்கே தேடலாம்?
– வாசகர், மூதூர்

பதில்: 1991இல், பட்டியலில் தெரிவு செய்து தகவலை எடுக்க உதவும் கோஃபர் என்ற முறை மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, அப்புறம் வலை வந்தது, நூலகங்களும் அங்கே குடிபெயர்ந்தன. டெல்நெட்டில் கடவுச்சொல்கூட மறைக்கப்படாமல் போகும், ஆகவே அந்தக் கதவுகளை மூடிவிட்டார்கள்.

நம்ம நூல்களுக்கு முதலில் "நூலகம்" தளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியது, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் தட்டச்சு வடிவிலேயே இருப்பதால் உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேடலாம். ஒன்று கவனம்: நம்ம ஊர்ப் பெயரையே நூலுக்கு நூல் திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று வேறுவேறாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றில் வராவிட்டால் மற்ற இரண்டையும் தட்டிப் பாருங்கள்.