முனைவர் பட்ட நேர்காணலில் எதை அளக்கிறீர்கள்?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டுதான் முனைவர் பட்ட வழிகாட்டியாக அங்கீகாரம் கிடைத்தது. கடலூர்க் கழிமுகங்களில் ஆய்வு செய்ய இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். மீனவக் கிராமங்களிலிருந்தும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று விரும்புகிறேன். விண்ணப்பமே வருவதில்லை, வந்தவர்களும் நேர்காணலில் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் வராதவரைச் சேர்த்தால் ஆய்வேடு முடியாது என்கிறார் மூத்த பேராசிரியர். என்ன செய்யலாம்?

பதில்: மூத்த பேராசிரியரின் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அங்கேதான் வந்து முட்டுகிறது. ஆய்வேடு எழுத ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது சமர்ப்பிக்கும் நாளில் வேண்டியது, சேரும் நாளில் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் இந்தப் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டும் அதிகபட்சம் 6 ஆண்டும் தருகின்றன. கற்றுக்கொடுக்க இத்தனை காலம் இருக்கும்போது, ஏற்கெனவே கற்றவர்தான் வேண்டும் என்று கேட்பது வழிகாட்டியின் வேலையைத் தட்டிக்கழிப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் பள்ளி முடித்த பெண் அதைத் தாண்டித்தான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறாதவருக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் என்பது விதி. அந்த 30-லும் ஆங்கிலத்தையே அளந்தால் ஒரே தடையை இரண்டு முறை வைக்கிறோம்.

அப்படியானால் எதை அளப்பது? கவனிக்கும் கண்ணையும் காரணம் தேடும் பழக்கத்தையும் அளந்து பாருங்கள். உப்பனாற்றின் முகத்துவாரத்தில் ஒரு பாட்டில், ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை இறக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் உப்பின் அளவு தெரியும். எப்படிப் பார்ப்பது என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். முன்பே அந்தக் கருவியைத் தொட்டிருக்கிறாரா என்பதல்ல கேள்வி. பிறகு ஒரு தாளைக் கொடுங்கள்: ஒரே இடத்தில் நவம்பரில் உப்பு ஆயிரத்துக்கு 4 பங்கு, மே மாதத்தில் 32. ஏன்? இதை உறுதிசெய்ய அடுத்து என்ன மாதிரி எடுப்பீர்கள், கடல் ஏற்றத்திலா வற்றத்திலா? தமிழில் பதில் சொல்லலாம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தேவனாம்பட்டினத்தில் வளர்ந்த பிள்ளை, வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் உப்பைக் கடலுக்குத் தள்ளுவதையும், கோடையில் முகத்துவாரம் மண்ணடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொந்தக் கண்ணால் பார்த்திருக்கும். அந்த அறிவு நேர்காணல் அறைக்குள் வர நாம்தான் வழிவிட வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் பயிற்சி பெற்று, வாளியைக் கொண்டே காற்று மாதிரி எடுத்து, எந்த நாற்றம் எப்போது வந்தது என்று குறித்துவைத்த பகுதி இது.

எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். குழுவினர் தமக்குள் பேசும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மூத்தவரின் முகக்குறிப்பே தீர்ப்பாகிவிடும். "அப்பா என்ன வேலை?", "கல்யாணம் எப்போது?" ஆகிய இரண்டையும் யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

விண்ணப்பம் வராததற்கு அறிவிப்பும் ஒரு காரணம். அது இணையதளத்தில் ஆங்கிலத்தில் மட்டும் கிடக்கிறது. ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பை கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, லாஸ்பேட்டை தாகூர் கல்லூரி, பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் என்று நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தலைப்பு, மாதம் எத்தனை நாள் களப்பணி, உதவித்தொகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இட ஒதுக்கீடு பல்கலைக்கழகத்தின் கடமை. அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள் காதில் செய்தி விழச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

நேர்காணலைவிடப் பணத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை இல்லாதவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000 ரூபாய். கல்லூரிகளில் சேர்பவருக்கு அதுவும் இல்லாமல் போகலாம். கிடைக்கும் தொகையும் முதல் சில மாதங்கள் தாமதமாவது வாடிக்கை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை அந்த மாதங்களில்தான் விலகுகிறது. "ஆர்வம் இல்லை" என்று நாம் எழுதிக்கொள்கிறோம். ஆகவே தகுதியுள்ள உதவித்தொகைகளுக்கெல்லாம், தமிழக மாணவரானால் மாநில அரசின் உதவித்தொகைகளுக்கும், சேர்ந்த வாரமே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். திட்ட நிதி இருந்தால் படகு வாடகை, வேன், மாதிரிப் பாட்டில்களுக்கு முன்பணம் கொடுங்கள். செலவழித்துவிட்டு ரசீது கொண்டு வா என்பது கையில் காசு உள்ளவருக்கு மட்டுமே சரிப்படும்.

களத்தையும் பாருங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் காலையில் படகேறினால் மதியம்வரை கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் இருக்கும் மாணவிகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரைக்கு வரும்படி பயணத்தை அமையுங்கள், தனியாக யாரையும் அனுப்பாதீர்கள், உயிர்காப்பு உடை எல்லோருக்கும் வாங்குங்கள், திரும்பும் நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு ஏற்ப வையுங்கள். இவற்றை நாமே செய்யாவிட்டால் எதுவும் மாறாது: அமெரிக்காவில் புவி அறிவியல் முனைவர் பட்டங்களில் இனப் பன்மை நாற்பது ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட நகரவே இல்லை என்று 2018-இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வசதி மிகுந்த இடத்திலேயே அது தானாக மாறவில்லை.

எழுத்துக்கு வருவோம். முதல் அரையாண்டில் வாரம் ஒரு பக்கம், களக்குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிந்தனை தெளிந்த பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துங்கள். உழைப்புத்தான், ஆனால் ஆய்வேடு இப்படித்தான் வளரும். அரையாண்டுக்கொருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவில் மாணவர் உங்களுக்குப் பயப்படாமல் பேசக்கூடிய ஒருவரையாவது கேட்டு வாங்குங்கள். பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும், 2 ஆண்டு கூடுதல் கால அவகாசமும் விதியிலேயே உள்ளன. அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதல் வாரத்தில் சொல்லிவிடுங்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு கடன்பட்டிருக்கிறீர்கள். எதில் மதிப்பெண் குறைந்தது, எதைப் படிக்கலாம் என்று பத்து நிமிடம் பேசுங்கள். நெட் வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அடுத்த சுற்றுக்கு அவர்கள் மீண்டும் வர முடியும்.