மாத்திரைக்குக் கேட்காத கட்டி

கேள்வி: கபடி ஆடும் என் 16 வயது மகனுக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை தொடையில் கட்டி வந்துவிட்டது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அமுங்குகிறது, திரும்ப வருகிறது. இப்போது மகளுக்கும் அக்குளில் ஒன்று. சூட்டுக்கட்டி என்கிறார் மாமியார். இரத்தம் கெட்டுவிட்டதா டாக்டர்? – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இரத்தம் ஒன்றும் கெடவில்லை அம்மா. நம் பக்கத்து வெயிலுக்கு எல்லாப் பழியையும் சூட்டின் மேல் போடுவது வழக்கம்தான், ஆனால் ஒரே வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கட்டி வருகிறது என்றால் ஒரு கிருமி கைமாறுகிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பெயர். பத்துப் பேரில் மூன்று பேர் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும், தோலில் சிராய்ப்பு கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும்.

இதில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகை பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்குக் கேட்காது. 1961-லேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ரொம்ப காலம் அது ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் எங்களுக்கும் நினைப்பு. அப்புறம் 1997-க்கும் 99-க்கும் இடையில் அமெரிக்காவில் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத நான்கு குழந்தைகள் இதனால் இறந்தபோதுதான் அந்த நினைப்பு போனது. இந்தியாவிலும் ஊருக்குள் பரவும் வகைகள் இருக்கின்றன.

போன வருடம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பற்று காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது, அதை நனைத்து நனைத்து எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. பற்றுக்கு அடியில் தோல் பளபளவென்று சிவந்து கிடந்தது. கீறிவிட்டதும் அத்தனை சீழ், வலியில் நொண்டி வந்தவன் நடந்து போனான். அவன் அம்மா பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார், மூன்று வகை, எல்லாவற்றிலும் பாதி மிச்சம்.

அதனால் சொல்கிறேன், இன்னும் பவரான மாத்திரை தேடாதீர்கள். கடைகளில் தூக்கிக் கொடுக்கும் செபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸுக்கே சரியாக வேலை செய்யாது. பழுத்த கட்டிக்கு முதல் வைத்தியம் டாக்டர் கையால் கீறிச் சீழை எடுப்பது, அந்தச் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துவிடும், சின்னக் கட்டியானால் சில சமயம் மாத்திரையே தேவைப்படாது. நீங்களாகப் பிதுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மளமளவென்று பரவினாலோ, மூக்கு, மேலுதடு பக்கம் கட்டி வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்புறம் துண்டு. வளவு வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் துண்டு காயும் கொடி ஒன்றுதான், யார் துண்டு யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு, ரேசர் தனித்தனி. கட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதை மூடியே வைக்க வேண்டும். துணி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் அவருடைய துணியைக் கண்டிப்பாகத் தனியே வையுங்கள், அவருக்கு வந்தால் ஆறுவது கஷ்டம்.

மகனின் கபடி கோச்சிடமும் சொல்லிவிடுங்கள். தோலோடு தோல் உரசும் ஆட்டம் அது, ஒருவன் கழற்றிய முழங்கால் உறையை அடுத்தவன் மாட்டிக்கொள்கிறான். கட்டி முழுக்க ஆறும்வரை அவன் களத்தில் இறங்க வேண்டாம், மற்ற பையன்களில் யாருக்காவது இதே மாதிரி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.