ரெண்டரை மணி ரிகர்சல், ஏழு மணி நேரச் சனிக்கிழமை

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருஷமாக மேற்கத்திய முறையில் வயலின் கற்று, மூன்றாம் கிரேடு முடித்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கென்று நடக்கும் ஒரு ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவில் (வயலின் குடும்பக் கம்பிக் கருவிகள் மட்டும் வாசிக்கும் குழு) இரண்டாம் வயலின் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். ஜூனிலிருந்து சனிக்கிழமைதோறும் மூன்று மணி முதல் ஐந்தரை வரை ரிகர்சல்; டிசம்பரில் இரண்டு நிகழ்ச்சி. நாங்கள் இருப்பது அம்பாசமுத்திரத்தில். அவள் அப்பாவுக்குக் கடை, சனிக்கிழமை நகர முடியாது. சின்னவன் இரண்டாம் வகுப்பு. வாரத்துக்கு ரெண்டரை மணி நேரம்தானே, சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: சரி சொல்வதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமையை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் பாருங்கள். மூன்று மணிக்கு ரிகர்சல் என்றால் 2.40-க்கு உள்ளே இருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி வாக்கில் பாபநாசத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ. ஐந்தரைக்கு முடிந்தாலும் வில்லைத் தளர்த்தி, வயலினைத் துடைத்துப் பெட்டியை மூடி, மாஸ்டர் அடுத்த வாரத்துக்குச் சொல்வதைக் குறித்துக்கொண்டு வெளியே வர இன்னொரு கால் மணி நேரம். 12.45-க்குக் கிளம்பியவர்கள் வீட்டுப்படி ஏறும்போது ஏழே முக்கால். ஆக, ஒரு சனிக்கிழமைக்கு ஏழு மணி நேரம்.

காலாண்டு லீவு, தீபாவளி எல்லாம் போக 24 சனிக்கிழமை என்று வைத்தால் 168 மணி நேரம். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் பெரும்பாலும் வார நாளில் ஒன்றிரண்டு கூடுதல் ரிகர்சல் இருக்கும். அதில் ஒன்றையாவது நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே வைப்பார்கள். அந்த இடம் உயரமான பழைய தேவாலயம் என்றால் ஒலி கூரைக்குப் போய்ச் சுற்றி வரும். பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் காதில் விழுவதை நம்பினால் தாளம் பிந்திவிடும், மாஸ்டரின் கையைப் பார்த்தே வாசிக்கப் பழக வேண்டும். நிகழ்ச்சி நாளன்று ஆறரைக்குத் தொடக்கம் என்றால் மூன்று மணிக்கே வரச் சொல்வார்கள். இவற்றையும் கூட்டினால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏறக்குறைய 200 மணி நேரம். இது பெரியவர் ஒருவரின் நேரம். சின்னவனும் கூட வந்தால் அவனுடைய சனிக்கிழமைகளும் இதிலேயே போகும். அதையும் மறக்காமல் எடைபோடுங்கள்.

நம் பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கோயில் கொடையில் மேடை போட்டுச் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு கீபோர்டுக்காரர் வரவில்லை என்றால் இன்னொருவர் சமாளித்துவிடுவார். இங்கே அப்படி முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டாண்டு, அதில் ஒரே நொட்டேஷன் தாள். உள்பக்கம் உட்காருபவர் பக்கம் திருப்ப, வெளிப்பக்கம் இருப்பவர் வாசிப்பை விடாமல் கொண்டுபோக வேண்டும். சில இடங்களில் ஒரே வரி இரண்டாகப் பிரியும். மேல் சுரம் வெளிப்பக்கத்துக்கு, கீழ்ச் சுரம் உள்பக்கத்துக்கு. உள்பக்கம் உட்காரும் உங்கள் மகள் ஒரு வாரம் வராவிட்டால் பக்கத்துப் பிள்ளை தானே தாளைத் திருப்பி நான்கு பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) தவறவிடும், கீழ்ச் சுரமும் கேட்காது. வராத வாரத்தில் வில் மேலா கீழா என்று மாற்றிய குறிகளும் அவளுக்குத் தெரியாமல் போகும். எத்தனை நாள் லீவு அனுமதி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் வயலின் என்பதில் மனக்குறை வேண்டாம். மூன்றாம் கிரேடு பிள்ளைக்கு அது பொருத்தமான இடம். மெட்டை முதல் வயலின் எடுத்துக்கொள்ளும். நடுவில் நின்று அதைத் தாங்குகிற சுரங்கள் இரண்டாம் வயலினுக்கு. கை அதிகம் மேலே ஏற வேண்டியிருக்காது, காது நன்றாகத் தீட்டப்படும்.

ரிகர்சலுக்கு 20 நிமிடம் முன்பே, 2.40-க்கே, உள்ளே இருப்பது எதற்கு என்று கேட்பீர்கள். வெயிலில் பஸ்ஸில் வந்த வயலினை ஏசி அறையில் திறந்தால் கம்பிகள் சுருதி விலகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் மரம் வறண்டு பிரடை (கம்பியை முறுக்கும் திருகு) வழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊறி பிரடை இறுகும். வழுக்கினால் பிரடையை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருப்ப வேண்டும். இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது, மாஸ்டரிடம் கொடுங்கள். எல்லோரும் 440 ஹெர்ட்ஸ் ஏ (A) சுரத்துக்குச் சுருதி சேர்க்கும்போது இவள் தனியாகப் பிரடையோடு போராடினால் முதல் பாட்டு முழுக்கப் பதற்றத்தில் போகும். பெட்டியில் உபரி ஈ (E) கம்பி ஒன்று இருக்கட்டும், அதிகம் அறுவது அதுதான். பென்சில் இரண்டு, பேனா கூடாது, குறிகள் அடிக்கடி மாறும். நிறுத்திய காரில் வயலினை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பலகைகளை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், ஓரம் விரியும்.

வீட்டுப் பயிற்சிக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். அதில் 20 நிமிடம் ஸ்கேலுக்கும் சொந்தப் பாடத்துக்கும், மீதி ஆர்க்கெஸ்ட்ரா தாளுக்கு. பிள்ளைகள் தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டு முடிந்தது என்பார்கள். தடுக்குகிற நான்கைந்து பாரை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு, மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, தப்பில்லாமல் மூன்று முறை வந்தபிறகே வேகம் கூட்டச் சொல்லுங்கள். இன்னொரு இடறல், ஓய்வு பார்கள். 16 பார் சும்மா இருந்து பதினேழாவதில் நுழைய வேண்டும். வீட்டில் அதைத் தாண்டிக் குதித்துப் பழகியவர்கள் மேடையில் ஒரு பார் முந்தி நுழைவார்கள். அந்தப் பாட்டின் பதிவைப் போட்டு, தாளில் விரல் வைத்து வாய்விட்டு எண்ணட்டும். இதற்கு நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை, அடுக்களையிலிருந்தே காது கொடுக்கலாம்.

நான்காம் கிரேடு தேர்வை இந்த ஏழு மாதத்துக்குள் வைக்காதீர்கள். ஏபிஆர்எஸ்எம் (கிரேடு தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) பிராக்டிகல் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 90 மூன்று தனிப் பாடல்களுக்கு. ஆர்க்கெஸ்ட்ரா தாளில் உழைத்தது அந்த 90-க்கு நேரடியாக உதவாது. புதிய தாளைப் பார்த்த உடனே வாசிப்பதற்கும் காது சோதனைக்கும் நிச்சயம் உதவும். தேர்வு அடுத்த வருஷம் வரட்டும்.

பெரிய முடிச்சு டிசம்பர்தான். அரையாண்டுத் தேர்வும் கேரல் ஆராதனைகளும் ஒரே வாரங்களில் மோதும். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லையும் தூத்துக்குடியும் பட்ட பாடு நினைவிருக்கும். நிகழ்ச்சித் தேதி, கூடுதல் ரிகர்சல் நாள் இரண்டையும் இப்போதே எழுதி வாங்குங்கள். கணக்கு, அறிவியல் பாடங்களை நவம்பர் கடைசிக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டால் டிசம்பர் தாங்கும். நிகழ்ச்சி முடிய இரவாகும், கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். அன்றைக்குப் பாளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

என் அபிப்பிராயம் இது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து வேறு பிள்ளைகள் வருகிறார்களா என்று மாஸ்டரிடம் விசாரியுங்கள். மூன்று குடும்பம் முறை வைத்துக் கூட்டிப்போனால் உங்கள் பங்கு 70 மணி நேரத்துக்கும் கீழே வரும். அப்படியானால் தயங்காமல் சேருங்கள். ஒருவரும் கிடைக்காமல் 200 மணி நேரமும் உங்கள் தலையில்தான் என்றால், இந்த வருஷம் தனி வகுப்போடு நிற்கட்டும். எட்டும் ஒன்பதும் இன்னும் கையில் இருக்கின்றன. எதுவானாலும் முதல் ரிகர்சலுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நாற்காலிக்கு வேறொரு பிள்ளையைக் கூப்பிட அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.