உள்ளங்காலையும் பாருங்கள்: தோல் புற்றுநோய் குறித்துச் சில கேள்விகள்

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும், டாக்டர்? நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

அவர்களுக்கு அதிகம், நமக்குக் குறைவு. வரவே வராது என்றில்லை. நம் தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரை நிறையவே தடுத்துவிடுகிறது. ஆனால் மெலனோமா என்ற கொடிய வகைத் தோல் புற்று நமக்கு வந்தால், அனேகமாக வெயில் படாத இடத்தில்தான் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அங்கே யாரும் பார்ப்பதில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்ததைப் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

எனக்குக் கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. பயப்பட வேண்டுமா?

மாநிறத்தவர்களுக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனால்தான் சந்தேகம். கருமை நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் இறங்கியிருந்தால் இந்த வாரமே காட்டுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகரும், பின்னால் தெளிந்த நகம் வரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் நகப்பூச்சை அழித்துவிட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தப் படம் எங்களுக்கு அதிகம் உதவும்.

அம்மாவுக்கு 62 வயது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் புண். ஆறுவதும் திரும்ப வருவதுமாக ஒரு வருடம் ஆகிவிட்டது. களிம்பு போட்டுக்கொண்டிருக்கிறார்.

களிம்பு போட்டது போதும், இனி சதைப் பரிசோதனை செய்யுங்கள். நாடா ஒரே இடத்தில் பல வருடம் இறுக்கினால் தோல் கறுத்து, தடித்து, வெடிக்கும். வியர்வையும் உரசலும் அதை ஆறவிடாது. அரிதாக அது புற்றாக மாறும். வேட்டி கட்டுபவர்களுக்கும் இப்படி இடுப்பில் வருவதை 1940களிலேயே நம் நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்குக் கங்கிரி என்ற கனல் சட்டியை உடுப்புக்குள் வைத்துக்கொள்வதால் வயிற்றிலும் தொடையிலும் வரும். பழைய தீத்தழும்பில் திடீரென வரும் புண்ணும் இதே வகைதான்.

அம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள். ஓரிரு தையல் போடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அதுவரை நாடா வேண்டாம், நைட்டி போடட்டும். அப்புறமும் அகலப் பட்டி வைத்த பாவாடையைத் தளர்வாகக் கட்டுவதே நல்லது.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று உறவில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பரவாது. தள்ளிப்போட்டால்தான் பரவும்.

கன்னத்து மச்சத்துக்குச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. தோல் வெந்து, மச்சத்தைவிட அசிங்கமான தழும்பு மிஞ்சும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவேளை அது கெட்ட மச்சமாக இருந்திருந்தால், சோதிக்க மேல்சதையே இருக்காது. அடியில் மிச்சமிருப்பது வளர்ந்துகொண்டிருக்கும்.

உடம்பெல்லாம் மச்சம். எதை என்று பார்ப்பது?

மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகத் தெரிவதைப் பாருங்கள். இரு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடித்தது, கறுப்பு பழுப்பு சிவப்பு என்று நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல் போனது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், சில மாதங்களில் மாறிக்கொண்டிருப்பது. பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் சின்ன மச்சத்தை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் சன்ஸ்கிரீன் நமக்குத் தேவையே இல்லையா?

மங்கு, வெயில் கருமை இருந்தால் பூசுங்கள். வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் சீக்கிரம் எரியும், அங்கே அவசியம். பிறவியிலேயே நிறமி இல்லாத குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் கட்டாயம். அவர்களுக்கு வெயிலால் வரும் புற்று உண்மையான ஆபத்து. உள்ளங்கால் மெலனோமாவுக்கு மட்டும் எந்த கிரீமும் உதவாது.